சேலத்துல இருந்து ஜோடியா காடு பாக்கப் போறவங்களுக்கு: புலிய துரத்தாதீங்க, ஒரே காட்டுல ரெண்டு ராத்திரி தங்குங்க

கேள்வி இதுதான். சேலம் அஸ்தம்பட்டில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார், கல்யாணம் ஆகி கொஞ்ச மாசம்தான் ஆகுது, ரெண்டு பேருக்கும் சேந்தாப்ல நாலு நாள் லீவு கிடைக்குது, மிருகங்கள கூண்டுல இல்லாம காட்டுலயே பாக்கணும், முக்கியமா புலி பாக்கணும், ஏற்காட்லயே முடியுமா, முதுமலையா, கபினியா, இல்ல கடன உடன வாங்கியாவது கென்யா போயிரலாமான்னு. நான் ஏற்காட்ல எஸ்டேட்ல பொறந்து வளந்தவ தம்பி, நானும் வீட்டுக்காரரும் லீவுன்னா காட்டுப் பக்கம்தான் போவோம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா ரெண்டு பேரும் உக்காந்து படிங்க.

கென்யாவ முதல்ல முடிச்சிடறேன். மசாய் மாரா அருமையான இடம்தான், அங்க பெரும்பாலும் வெட்டவெளி புல்லு, அதனால சிங்கம் தூரத்துல படுத்திருந்தாலும் தெரியும், ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் லட்சக்கணக்குல மாடு மாதிரி இருக்கற வில்டபீஸ்ட் கூட்டம் அந்தப் பக்கம் வர்ற சீசன். ஆனா நாலு நாள்ல போயிட்டு வர்ற ஊர் இல்ல அது, போக வரவே ரெண்டு நாள் போயிடும். 2024 ஜனவரில இருந்து விசாவுக்கு பதிலா ஆன்லைன்ல அனுமதி வாங்கணும், மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசி குறைஞ்சது 10 நாள் முன்னாடியே போட்டிருக்கணும், அந்த சர்டிஃபிகேட் இல்லாம திரும்பி வந்தா நம்ம ஏர்போர்ட்லயே தனியா வெச்சிருவாங்க. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல அந்த ஊசி போடறாங்க. அப்புறம் ஒண்ணு, ஆப்பிரிக்கா காட்டுல புலியே கிடையாது. உங்களுக்கு புலிதான் ஆசைன்னா கடன் வாங்கிட்டு அங்க போறதுல அர்த்தமே இல்ல. கையில காசு சேந்து பத்து நாள் லீவும் கிடைக்கறப்ப போங்க, இப்ப வேண்டாம்.

சரி, ஏற்காடு. சேர்வராயன் மலைல யானை இல்ல, சஃபாரி ஜீப்பும் இல்ல. மலைக்கு கீழ குரும்பப்பட்டி பூங்கா இருக்கு, அது நல்லா இருந்தாலும் அது கூண்டுதான், நீங்க கேக்கறது அது இல்ல. ஆனா ஏற்காட்ல நெஜமான காட்டு மிருகம் ஒண்ணு இருக்கு, அதுதான் காட்டுமாடு. சுத்தியிருக்கற சோலையில இருந்து காபி எஸ்டேட்டுக்குள்ள கூட்டமா இறங்கி வரும். காலுல முட்டி வரைக்கும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், பொட்டையும் கன்னும் பழுப்பா இருக்கும், வயசான ஆம்பள மாடு நல்லா கருகருன்னு, முதுகுல ஒரு மேடு எழும்பி, ஆயிரம் கிலோவ நெருங்கற அளவுக்கு உடம்பு. உலகத்துலயே பெரிய மாட்டு இனம் இதுதான். இத நேர்ல ஒரு தடவ பாத்தவங்க புலி புலின்னு கேக்கறத கொஞ்சம் நிறுத்திருவாங்க, அவ்வளவு கம்பீரம்.

அதனால என்னோட முதல் யோசனை, பெரிய காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சனி ஞாயிறு ஏற்காடு வந்து கண்ண பழக்கிக்கோங்க. அஸ்தம்பட்டில இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுனா போதும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த நேரமும் விடியக்காலையும்தான் அது மேய வெளிய வரும், மத்தியானம் நிழல்ல படுத்து அசை போட்டுட்டு இருக்கும், அப்ப தேடறது வீண். மெயின் டவுன்லயும் ஏரிப் பக்கத்துலயும் சுத்தாம நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் எஸ்டேட் ரோட்ல மெதுவா போங்க, வண்டிய ஓரமா நிறுத்திட்டு உள்ளயே உக்காந்து பாருங்க. சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல கறுப்பா ஒரு பாறை இருக்கும், கொஞ்ச நேரம் பாத்தா அந்தப் பாறை காத ஆட்டும். எஸ்டேட் எல்லாம் தனியார் இடம், கேட்டத் தாண்டி உள்ள போகணும்னா கேட்டுட்டுத்தான் போகணும்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும், பைக்ல வர்றவங்களுக்கு. பனி இறங்கிருச்சுன்னா பத்தடி தூரத்துல நிக்கற மாடு கூட தெரியாது. ரோட்டுல நின்னுட்டு இருந்தா ஹார்ன் அடிக்காதீங்க, லைட்ட அடிச்சு அடிச்சு அணைக்காதீங்க, எஞ்சின முறுக்காதீங்க, நிறுத்திட்டு அது போற வரைக்கும் இருங்க. தனியா நிக்கற கறுப்பு ஆம்பள மாடு கிட்ட செல்ஃபி எடுக்கப் போகவே கூடாது, தோட்ட வேலைக்குப் போறவங்கள முட்டுன சம்பவம் எங்க மலைல நடந்திருக்கு. புஸ்ஸுன்னு மூச்சு விட்டு தலையத் தாழ்த்துச்சுன்னா அது கோவத்துல இருக்குன்னு அர்த்தம், அப்பவே பின்னாடி நகந்துடுங்க.

இப்ப பெரிய காடு. சேலத்துல இருந்து நமக்கு ஒரு பெரிய பாக்கியம் என்னன்னா பவானி, கோபி வழியா சத்தியமங்கலம் போய், பண்ணாரி அம்மன கும்பிட்டுட்டு திம்பம் மலை ஏறுனா அங்கயே காடு ஆரம்பிச்சிடும். அந்த சத்தியமங்கலம் காடு, அதை ஒட்டி பிலிகிரி ரங்கன் மலை, இந்தப் பக்கம் முதுமலை, பந்திப்பூர், நாகரஹோளே, வயநாடு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கற காடு. 2022 கணக்கெடுப்புல பந்திப்பூர்ல 150 புலி, நாகரஹோளேல 141, முதுமலைல 114, சத்தியமங்கலத்துல 85. அதாவது இந்தியாவுலயே புலி நெருக்கமா இருக்கற இடங்கள்ல ஒண்ணு நம்ம வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு தம்பி, இதுக்கு எதுக்கு கடன்.

ஆனா இத்தன புலி இருந்தும் ஏன் எல்லாருக்கும் தெரியறதில்லன்னா, முதுமலை மட்டும் 688 சதுர கிலோமீட்டர், சஃபாரி வண்டி போறது அதுல ஒரு ஓரத்துல இருக்கற சின்ன சுத்து. போதாததுக்கு ரோட்டு ரெண்டு பக்கமும் உண்ணிச்செடி புதரா மண்டிக் கிடக்கு, வெள்ளக்காரன் காலத்துல அழகுக்குன்னு கொண்டாந்த செடி, இன்னைக்கு புல்லு முளைக்க விடாம காட்டையே மூடிருச்சு. அதுக்குப் பின்னாடி பத்தடில புலி படுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இதனாலதான் "புலி கேரன்டி"ன்னு எவனாவது பேக்கேஜ் வித்தா அந்த நம்பர அப்பவே அழிச்சிருங்கன்னு சொல்றேன், காட்டுல யாருக்கும் எதுக்கும் கேரன்டி குடுக்க முடியாது.

எங்க போறதுன்னு கேட்டா என் கருத்து இப்படி. பட்ஜெட் கையக் கடிக்கும்னா முதுமலை. தெப்பக்காட்ல வனத்துறை வண்டிலயே கூட்டிட்டுப் போவாங்க, ஆனா ஒரு ரைடு ஒரு மணி நேரம் மாதிரிதான், வண்டி நிறைய ஆளு இருக்கும், சத்தம் போடற ஆளு ரெண்டு பேர் கூட ஏறுனா அவ்வளவுதான். அதனால காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு மறுபடி மறுபடி போங்க. சாயங்காலம் தெப்பக்காடு யானை முகாம்ல ராகியும் கொள்ளும் வெல்லமும் உருண்டை பிடிச்சு யானைக்கு ஊட்டறத பாக்கலாம், அது வளர்ப்பு யானைதான், இருந்தாலும் அந்த மாவுத்தனும் யானையும் பழகற விதத்த நின்னு பாக்கணும், மனசு நிறைஞ்சு போகும். செலவு பண்ண முடியும்னா கபினி, யோசிக்காம கபினி, அது நாகரஹோளே காட்டு ஓரத்துல அணைக்கரைல இருக்கற இடம். கர்நாடக அரசோட ஜங்கிள் லாட்ஜஸ் அங்க இருக்கு, ரூம், சாப்பாடு, சஃபாரி எல்லாம் சேத்தே பேக்கேஜ் போடுவாங்க, ஒரு ராத்திரிக்கு பொதுவா ரெண்டு ரைடு. ஜீப்பும் உண்டு படகும் உண்டு. ஒண்ணாவது படகுல போங்க, எஞ்சின் சத்தத்த குறைச்சிட்டு கரையோரமா நகந்தா யானை தண்ணி குடிக்கறது, முதலை வெயில் காயறது, நீர்நாய் எல்லாம் பொறுமையா பாக்கலாம். கூட்டமே வேண்டாம், அமைதியா இருந்தா போதும்னா பிலிகிரி ரங்கன் மலைல கே.குடிங்கற இடம், மிருகம் கொஞ்சம் கம்மியா தெரியலாம், ஆனா காடு அழகு.

ஆனா எதுவா இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு. நாலு நாள்ல மூணு காடு போட்டுடாதீங்க. இந்தத் தப்ப நிறைய ஜோடி பண்றாங்க, ஒரு நாள் ஊட்டி, ஒரு நாள் முதுமலை, ஒரு நாள் பந்திப்பூர், ஒரு நாள் மைசூர்னு, கடைசில ரோட்டத்தான் பாத்திருப்பாங்க. ஒரே காட்டுல ரெண்டு ராத்திரி தங்கி நாலு ரைடு போனீங்கன்னா, மூணாவது ரைடுலதான் அந்தக் காடு உங்களுக்கு புரிய ஆரம்பிக்கும். நேத்து மான் நின்ன இடத்துல இன்னைக்கு இல்லன்னு தெரியும், எந்தக் குட்டைல தண்ணி இருக்குன்னு தெரியும், டிரைவருக்கும் உங்க முகம் பழகி இவங்க சத்தம் போடாத ஆளுங்கன்னு கொஞ்சம் கூட நின்னு காட்டுவார்.

மாசம் முக்கியம். பிப்ரவரி கடைசில இருந்து மே வரைக்கும்தான் பாக்கறதுக்கு நல்லது, இலை உதிந்து காடு திறந்திருக்கும், உள்ள இருக்கற குட்டை எல்லாம் வத்திப்போய் மிருகம் தண்ணியத் தேடி ஒரே இடத்துக்கு வரும். கபினில அணைத் தண்ணி இறங்க இறங்க கரைல பச்சைப் புல்லு முளைக்கும், அந்தப் புல்லுக்காக சுத்துப்பட்டு காட்டு யானை எல்லாம் அங்க வந்து சேரும், ஏப்ரல் மே மாசத்துல ஒரே பார்வையில கூட்டம் கூட்டமா நிக்கும் பாருங்க, புலி இல்லன்னாலும் அது ஒண்ணு போதும். மழைக்காலத்துல காடு ரொம்ப அழகு, ஆனா எல்லா இடத்துலயும் தண்ணியும் புல்லும் இருக்கறதால மிருகம் சிதறிப் போயிடும். வெயில் காலத்துல ஒரு சிக்கல், காட்டுத்தீ பயத்துல முதுமலைல சில நேரம் சஃபாரிய நிறுத்தி வெச்சிடுவாங்க.

ஜீப்ல உக்காந்த உடனே புலிய கண்ணால தேடாதீங்க, காதால தேடுங்க. இதுதான் நான் சொல்ற எல்லாத்துலயும் பெரிய விஷயம். புலியோ சிறுத்தையோ நடக்க ஆரம்பிச்சா அதை முதல்ல பாக்கறது மத்த மிருகம்தான். மரத்து உச்சில உக்காந்திருக்கற மந்தி தொண்டையக் காறுன மாதிரி விட்டு விட்டு கத்தும், புள்ளிமான் கீச்சுன்னு கூவும், கடமான் இருக்கே அது "டாங்க்"னு ஒரே சத்தம் போடும், காடே அதிரும். புள்ளிமான் சும்மா சும்மா பயந்து கத்தும், அத வெச்சு முடிவு பண்ண முடியாது, ஆனா கடமான் வால தூக்கிட்டு ஒரே பக்கத்த பாத்து திரும்பத் திரும்ப கத்துச்சுன்னா அங்க ஏதோ இருக்குன்னு கிட்டத்தட்ட உறுதி. அந்த நேரத்துல டிரைவர் எஞ்சின ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருப்பார், பின்னாடி சீட்ல இருந்து "ஏங்க நிறுத்திட்டீங்க, போங்க போங்க"ன்னு யாராவது சொல்லுவாங்க, நீங்க சொல்லாதீங்க. அந்தக் காத்திருப்புதான் சஃபாரி. பத்து நிமிஷம், கால் மணி நேரம், வெறும் இலை சத்தம், அப்புறம் சில சமயம் ஒண்ணுமே வராது, சில சமயம் மண் ரோட்டுலயே இறங்கி நடந்து வரும், ஏன்னா புதர்ல நடக்கறத விட ரோட்டுல நடக்கறது புலிக்கும் சுலபம், பாதத்துக்கும் மெத்துன்னு இருக்கும். அதனாலதான் காலைல முதல் வண்டி ரோட்டுப் புழுதில கால் தடத்த பாத்துக்கிட்டே போகும். அதுலயே ஏறப் பாருங்க.

ரெண்டு பேர் போறதுல ஒரு பெரிய வசதி இருக்கு, நீங்க இடது பக்கம், அவங்க வலது பக்கம்னு பிரிச்சிக்கோங்க. ஏதாவது தெரிஞ்சா எந்திரிச்சு நின்னு கை நீட்டி கத்தாம, தொடைல ஒரு தட்டு தட்டி கடிகாரக் கணக்குல "ரெண்டு மணி, பெரிய மரத்துக்கு கீழ"ன்னு சன்னமா சொல்லுங்க, வண்டி மூக்கு 12 மணின்னு வெச்சுக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு தூரத்துல அசையறது டக்குனு தெரியும், எனக்கு அசையாம நிக்கறது தெரியும், கல்யாணமான புதுசுல இந்தப் பழக்கத்த ஆரம்பிச்சோம், இன்னைக்கு வரைக்கும் காட்டுல நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் உக்காருவோம். பெரிய கேமரா ஒண்ணு வாடகைக்கு எடுக்கற காசுல சுமாரான பைனாகுலர் ரெண்டு வாங்கிடுங்க, 8க்கு 42ன்னு போட்டிருக்கும், அது போதும். ஒண்ணே ஒண்ணு வாங்குனா குடு குடுன்னு இழுத்துக்கிட்டு ரெண்டு பேரும் பாக்க மாட்டீங்க.

புலி மட்டும் மனசுல இருந்தா எத்தனையோ விட்டுப் போயிடும். செந்நாய்க் கூட்டம் இருக்கே, சீழ்க்கை அடிச்சு ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டு ஒத்துமையா மானத் துரத்தறத பாத்தா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது, முதுமலையும் பந்திப்பூரும் அதுக்கு நல்ல இடம். கரடி கரையான் புத்த தோண்டறது, மலை அணில் மரம் விட்டு மரம் தாவறது, மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம் வெளிமான், நாடு முழுக்க அழிஞ்சுக்கிட்டு இருக்கற பாறு கழுகு வானத்துல வட்டமடிக்கறது. பாறு கழுகு தெரிஞ்சா கொஞ்சம் நிறுத்தி பாருங்க, மாட்டுக்கு வலிக்குப் போட்டுட்டு இருந்த டைக்ளோஃபெனாக் மருந்து செத்த மாட்டோட இறைச்சி வழியா போய் அந்த இனத்தையே கொன்னு போட்டுடுச்சு, மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான், அதுல ஒரு பங்கு நம்ம மோயாத்துல இருக்கு.

யானையப் பத்தி தனியா சொல்றேன், ஏன்னா நீங்க கார்ல போறப்பவே ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் ரோட்லயே நிக்கும், கரும்பு லாரிக்காக காத்திருந்து கரும்ப உருவற யானைங்க அங்க உண்டு. காத விசிறிக்கிட்டே புல்லப் பிடுங்கி காலுல தட்டி சாப்பிட்டா அது நிம்மதியா இருக்கு. விசிறறத நிறுத்தி காத விரிச்சு உங்களையே பாத்து நின்னா வேற, அப்ப வண்டிய பின்னாடி எடுக்கற நேரம் அது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ஈரமா ஒழுகிட்டு இருந்தா மதம், கிட்டயே போகக்கூடாது. வண்டில இருந்து இறங்கறது, வாழைப்பழம் போடறது ரெண்டும் வேண்டவே வேண்டாம், பழம் போட்டுப் பழக்குன யானைதான் நாளைக்கு பைக்காரன நிறுத்தும்.

தங்கற இடத்துல கவனமா இருங்க. முதுமலைய ஒட்டி இருக்கற மசினகுடி பக்கம் சிலர் ராத்திரி ஜீப்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவாங்க, அது சட்டப்படி கூடாது, போகாதீங்க. 2021 ஜனவரில அந்தப் பக்கம்தான் எரியற டயர வீசி ஒரு யானை செத்துச்சு, அந்த வீடியோவ பாத்துட்டு நான் அழுதேன். அதுக்கு முன்னாடி 2020லயே அங்க இருக்கற யானை வழித்தடத்துல ரிசார்ட் இருக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. நம்ம காசு எங்க போகுதுன்னு பாத்துத்தான் ரூம் போடணும். கேம்ப் ஃபயர், டிஜே, நைட் சஃபாரின்னு விளம்பரம் இருந்தா அந்த இடம் வேண்டாம். வனத்துறை விடுதி வசதி கம்மியா இருந்தாலும் காட்டுக்கு நடுவுல இருக்கும், அதுக்கு முதல்ல ட்ரை பண்ணுங்க.

ஒரு அக்காவா உங்க மனைவிக்கு சில விஷயம். ரைடு மூணு மணி நேரம் கூட போகும், நடுவுல எங்கயும் இறங்க முடியாது, பாத்ரூம் கிடையாது, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி தண்ணி அளவா குடிங்க, முடிச்சு வந்து நல்லா குடிங்க. மாதவிலக்கு தேதிய பாத்து புக் பண்ணுங்க, அந்தக் குலுக்கல்ல ரொம்ப சிரமம். வெயில் காலமா இருந்தாலும் காலைல திறந்த ஜீப்ல குளிரு வெட்டும், சால்வை எடுத்துக்கோங்க. பளிச்சுனு சிவப்பு வெள்ளை துணி வேண்டாம், மல்லிப்பூவும் சென்ட்டும் ரெண்டு நாளைக்கு வேண்டாம். தம்பி உங்களுக்கும் ஒண்ணு, விடிகாலை அஞ்சு மணிக்கு எழுந்திரிக்க அவங்களுக்கு உண்மையிலயே ஆசையான்னு இப்பவே கேட்டுடுங்க. ஒருத்தருக்கு காடு, இன்னொருத்தருக்கு ரெஸ்ட்டுன்னு இருந்தா மத்தியான நேரம் முழுக்க தூங்கறதுக்குத்தான்னு பேசி வெச்சுக்கோங்க, சாயங்கால ரைடுக்கு மட்டும் சேந்து போனாலும் தப்பில்ல. இதப் பேசாம போயி காட்டுல முகத்த தூக்கி வெச்சிட்டு உக்காந்திருக்கற ஜோடிய நிறைய பாத்திருக்கேன்.

வழியில நேரக் கணக்கு பாத்துக்கோங்க. திம்பம் ரோட்லயும், தெப்பக்காட்ல இருந்து பந்திப்பூர் வழியா குண்டல்பேட்டை போற ரோட்லயும் ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் வண்டி விட மாட்டாங்க, பந்திப்பூர்ல 2009ல இருந்தே இந்தத் தடை இருக்கு, மிருகம் அடிபட்டு சாகறத இதுதான் குறைச்சது. அதனால சேலத்துல விடிய கிளம்புனீங்கன்னா திம்பம் ஏறி ஆசனூர், சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை வழியா போயிடலாம், கபினின்னா அங்க இருந்து எச்.டி.கோட்டைப் பக்கம். ஊட்டி வழியா முதுமலை போறதா இருந்தா நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கணும், ஊட்டில இருந்து மசினகுடிக்கு இறங்கற கல்லட்டி ரோட்டுல வெளியூர் வண்டிய கீழ இறங்க விடறதில்ல, கூடலூர் சுத்தித்தான் போகணும், அதுக்கும் நேரம் போட்டுக்கோங்க.

கடைசியா புக்கிங். 2025 நவம்பர்ல பந்திப்பூர், நாகரஹோளே ஓரத்துல இருக்கற கிராமங்கள்ல விவசாயிங்க புலி அடிச்சு செத்ததுக்கு அப்புறம் கர்நாடகாவுல அந்த ரெண்டு காட்டுலயும் சஃபாரியவே நிறுத்துனாங்க. அந்த ஊர்க்காரங்க கஷ்டத்துக்கு முன்னாடி நம்ம டூர் பெருசில்ல, ஆனா இது மாதிரி எப்ப வேணா நிறுத்தலாம்ங்கறத மனசுல வெச்சு, அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி சஃபாரி நடக்குதா, நின்னா பணம் திரும்ப வருமான்னு லாட்ஜுக்கே போன் போட்டு கேளுங்க, கிளம்புற வாரம் இன்னொரு தடவையும் கேளுங்க. எந்த மாசம் லீவுன்னு நீங்க சொல்லல, அத மட்டும் சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி கபினியா முதுமலையான்னு முடிவு பண்ணிடலாம்.